சாப்பிட்டாலும் உடல் உருகுவது ஏன்? புற்றுநோயாளிகளின் குடும்பத்தார் அறிய வேண்டியவை

புற்றுநோய் வந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் எலும்பும் தோலுமாகிவிட்டார்." உம்மா கஞ்சியுடன் வற்புறுத்துவார். அவரோ முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் இருவருக்கும் மனவருத்தம். உண்மையில் நோயாளியின் பிடிவாதமோ சமைப்பவரின் குறையோ இதற்குக் காரணமில்லை.

இந்த உடல் உருக்கத்தை மருத்துவர்கள் 'கேக்கெக்ஸியா' என்கிறார்கள். பட்டினியால் மெலிந்தவர் உணவு கிடைத்தால் தேறிவிடுவார். இதில் அப்படியல்ல, தசையே கரைகிறது, உணவை மட்டும் கூட்டி முழுமையாகச் சரிசெய்ய முடியாது. 6 மாதங்களில், மெலிய முயலாமலேயே எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைவது இதன் அடையாளம் என 2011-ல் சர்வதேச நிபுணர்கள் வரையறுத்தனர். 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோதான்.

புற்றுநோய்க் கட்டியும் அதை எதிர்க்கும் நோயெதிர்ப்பு அணுக்களும் சுரக்கும் சில புரதங்கள் உடலில் அழற்சியை உண்டாக்கி, தசையைச் சிதைக்கின்றன. ஜி.டி.எஃப்-15 என்ற புரதம் மூளைத்தண்டில் செயல்பட்டுப் பசியை அடக்குகிறது, குமட்டலைத் தருகிறது. ஆக, பசியின்மையும் நோயின் ஒரு பகுதியே.

இந்தப் புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஊசிமருந்தை 187 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2024-ல் வெளியானது. அதிக அளவு மருந்து பெற்றவர்களின் எடை, போலி மருந்து பெற்றவர்களைவிட 12 வாரங்களில் சுமார் 2.8 கிலோ கூடுதலாக இருந்தது. ஜப்பான் 2021-ல் அனமோரெலின் என்ற மாத்திரைக்கு அனுமதி அளித்தது.

நமக்கு அருகிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், மனநோய்க்குத் தரப்படும் ஓலன்சபைன் என்ற பழைய மருந்தைக் குறைந்த அளவில் (2.5 மி.கி.) கீமோதெரபி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2023-ல் வெளியான முடிவின்படி, அதைப் பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. போலி மருந்து பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கே கூடியது. மருத்துவர் சொல்லாமல் இதனைக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை: வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். குறையத் தொடங்கியதுமே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல், குமட்டல் இருந்தால் மறைக்காதீர்கள். அவற்றுக்கு மருந்து உண்டு. முட்டை, மீன், பருப்பு போன்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளைகளில் கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் பிறகு கேளுங்கள்.

நலம் விசாரிக்கச் செல்பவர்களும் "இப்படி மெலிந்துவிட்டீர்களே!" என்று சொல்வதைத் தவிர்த்து, ஆறுதலாகப் பேசிவிட்டு வரலாம்.