டார்ம்ஸ்டாட் மருத்துவரின் குடும்பம்: அரச விசுவாசியான தந்தையும் அடங்காத பிள்ளைகளும்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய அரச மருத்துவர் எர்ன்ஸ்ட் கார்ல் பியூக்னரின் பெயரை இன்று அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் அவருடைய பிள்ளைகளில் ஒருவர் ஜெர்மன் நாடக இலக்கியத்தின் போக்கையே மாற்றினார். மற்றொருவர் எழுதிய அறிவியல் நூல் ஐரோப்பா முழுவதும் சர்ச்சையைக் கிளப்பியது. ஒரு மகள் பெண்களின் கல்விக்காகவும் தொழில் உரிமைக்காகவும் எழுதினார்.

ஆட்சியாளர்களிடம் மாறாத விசுவாசம் கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து, ஆட்சியாளர்கள் அஞ்சிய கருத்துகள் எவ்வாறு பிறந்தன என்பது அரசியல் வரலாற்றை ஆராய்பவர்கள் நீண்டகாலமாக எழுப்பிவரும் கேள்வி. அரசியல் காரணங்களால் தந்தையும் மகனும் இரு நாடுகளில் பிரிந்து வாழ நேர்ந்த அந்தக் கதை, புலம்பெயர்ந்து வாழும் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல.

கிராமத்திலிருந்து தலைநகருக்கு

எர்ன்ஸ்ட் பியூக்னர் 1786ஆம் ஆண்டு டார்ம்ஸ்டாட்டுக்கு அருகிலுள்ள ரைன்ஹைம் என்ற ஊரில், அறுவை மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையில் நெப்போலியனின் படைகளில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், வாழ்நாள் முழுவதும் நெப்போலியனை வியந்து போற்றினார். 1812இல் கரோலினா ரொய்ஸ் என்பவரை மணந்து, ரைன் நதிச் சமவெளியிலுள்ள கோடெலாவ் கிராமத்தில் வட்டார மருத்துவரானார்.

அக்காலத்தில் வட்டார மருத்துவர் என்பவர் நோயாளிகளைப் பார்ப்பதோடு நின்றவரல்ல. தொற்றுநோய்களைக் கண்காணிப்பது, சந்தேக மரணங்களை ஆராய்ந்து அறிக்கை தருவது, மனநோயாளிகளின் நிலையைப் பதிவு செய்வது ஆகியவையும் அவரது கடமைகள். அவ்வகையில் அவர் கிராமத்தில் அரசின் கண்ணாகவும் இருந்தார்.

மூத்த மகன் கியோர்க் 1813 அக்டோபர் 17ஆம் தேதி கோடெலாவில் பிறந்தார். நெப்போலியனின் படைகள் தோல்வியைத் தழுவிய லைப்சிக் போர் நடந்துகொண்டிருந்த நாள் அது. 1816இல் குடும்பம், அப்போது ஹெஸ்ஸன் பெருங்கோமகனின் தலைநகராக இருந்த டார்ம்ஸ்டாட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு எர்ன்ஸ்ட் படிப்படியாக உயர் மருத்துவப் பதவிகளை அடைந்தார். பிறந்த பிள்ளைகளில் ஆறு பேர் வளர்ந்து ஆளானார்கள்.

மருத்துவ மாணவரின் துண்டுப் பிரசுரம்

தந்தையின் விருப்பப்படி கியோர்க் 1831இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மருத்துவம் கற்கத் தொடங்கினார். பின்னர் கீஸன் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், ஹெஸ்ஸன் விவசாயிகளின் வறுமையை நேரில் கண்டார்.

1834 ஜூலையில், புட்ஸ்பாக் நகரின் பாதிரியாரும் ஆசிரியருமான ஃப்ரீட்ரிஷ் லுட்விக் வைடிக்குடன் சேர்ந்து "ஹெஸ்ஸன் நாட்டுப்புறத் தூதன்" என்ற துண்டுப் பிரசுரத்தை அவர் இரகசியமாக வெளியிட்டார். சுமார் 7 லட்சம் மக்கள் ஆண்டுதோறும் 60 லட்சம் குல்டனுக்கும் மேல் அரசுக்குச் செலுத்துவதையும், அந்தப் பணம் நீதித்துறைக்கும் இராணுவத்துக்கும் அரசவைக்கும் எவ்வாறு பிரிகிறது என்பதையும் அது கணக்கிட்டுக் காட்டியது. அந்தப் புள்ளிவிவரங்கள் ஏற்கெனவே அச்சில் வெளியானவையே. ஒரு நோயாளியின் உடலை மருத்துவர் சோதிப்பது போல அவர் நாட்டைச் சோதித்தார் எனலாம்.

பிரதிகளை எடுத்துச் சென்ற நண்பர் ஒருவர் 1834 ஆகஸ்டில் கைதானார். டார்ம்ஸ்டாட் திரும்பிய கியோர்க், தந்தையின் கண்காணிப்பில் உடற்கூற்று நூல்களைப் படிப்பதாகக் காட்டிக்கொண்டு, 1835இன் தொடக்கத்தில் சுமார் ஐந்து வாரங்களில் "டான்டனின் மரணம்" என்ற நாடகத்தை எழுதி முடித்தார். மார்ச் மாதம் எல்லை கடந்து பிரான்ஸுக்குத் தப்பியோடினார். ஜூன் மாதத்தில் அவரது அங்க அடையாளங்களுடன் தேடப்படுபவர் அறிவிப்பு வெளியானது.

அரச ஊழியரான தந்தைக்கு இது பெரும் அவமானமாகவும் ஆபத்தாகவும் அமைந்தது. மகனுடன் கடிதத் தொடர்பை அவர் நிறுத்திக்கொண்டார். மீன் ஒன்றின் நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்காக 1836இல் சூரிச் பல்கலைக்கழகம் கியோர்க்குக்கு முனைவர் பட்டம் வழங்கி, விரிவுரையாளராகவும் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர், அந்த ஆண்டு டிசம்பரில்தான் தந்தையின் சமாதானக் கடிதம் வந்தது.

இரண்டே மாதங்களில், 1837 பிப்ரவரி 19ஆம் தேதி, டைஃபஸ் காய்ச்சலால் கியோர்க் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 23. நான்கு நாட்களுக்குப் பின்னர், டார்ம்ஸ்டாட் சிறையில் வைடிக் இறந்தார்.

தந்தையின் தொழிலும் மகனின் நாடகமும்

கியோர்க் முடிக்காமல் விட்டுச் சென்ற "வொய்ட்செக்" நாடகம் இந்தக் குடும்பத்தின் மருத்துவப் பின்னணியோடு நேரடியாகத் தொடர்புடையது. தன் துணைவியைக் கொன்றதற்காக 1824இல் லைப்சிக்கில் பகிரங்கமாகத் தலை துண்டிக்கப்பட்ட யோஹான் கிறிஸ்டியான் வொய்ட்செக்கின் உண்மை வழக்கே அதன் மூலம். அவர் மனநோயாளியா, தன் செயலுக்குப் பொறுப்பேற்கக் கூடியவரா என்ற கேள்வி அன்றைய மருத்துவர்களிடையே விவாதிக்கப்பட்டது. அவர் பொறுப்பேற்கக் கூடியவரே என்று அரச மருத்துவர் கொடுத்த அறிக்கை, தண்டனை நிறைவேற வழிவகுத்தது.

அந்த அறிக்கை வெளியான மருத்துவச் சஞ்சிகையில் எர்ன்ஸ்ட் பியூக்னரும் எழுதியிருந்தார். வீட்டிலிருந்த அதன் இதழ்களிலேயே மகன் இவ்வழக்கைப் படித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நாடகத்தில் வரும் மருத்துவர், சில காசுகளைக் கொடுத்து ஏழைப் படைவீரனைப் பட்டாணி மட்டுமே உண்ண வைத்துப் பரிசோதனை நடத்துகிறார். எழுதப்பட்டு முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1913இல் மியூனிக்கில்தான் அது முதன்முதலாக மேடையேறியது.

மற்றப் பிள்ளைகள்

வில்ஹெல்ம் மருந்தாளரானார். சலவைத் துணிகளுக்கு நீலமிடவும் பயன்பட்ட அல்ட்ராமரின் சாயத்தைத் தயாரிக்கும் ஆலையை ஃபுங்ஸ்டாட்டில் நிறுவிய அவர், பின்னர் ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். கடைசி மகன் அலெக்ஸாண்டர், 1848 புரட்சியில் ஈடுபட்டதால் சட்டத்துறையில் எதிர்காலத்தை இழந்து, பிரான்ஸில் குடியேறிப் பேராசிரியரானார். மூத்த மகள் மத்தில்ட பொதுவாழ்வில் அதிகம் அறியப்படவில்லை.

அக்கால வழக்கப்படி மகள்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்தன. பெரும்பாலும் தானே கற்றுத் தேர்ந்த லூயிஸ, 1855இல் பெண்களின் கல்வி, தொழில் பற்றிய நூலை வெளியிட்டார். 1867இல், விக்டோரியா மகாராணியின் மகளும் ஹெஸ்ஸன் அரச குடும்பத்தின் மருமகளுமான இளவரசி அலீஸுடன் சேர்ந்து, பெண்களுக்குத் தொழிற்கல்வி அளிக்கும் சங்கத்தை உருவாக்கினார்.

அதே 1855இல், தந்தையைப் போலவே மருத்துவரான லுட்விக் எழுதிய "ஆற்றலும் பொருளும்" வெளிவந்தது. பொருளின்றி ஆற்றல் இல்லை, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தி எதுவும் இல்லை என்று அது வாதிட்டது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் வாய்ப்பை அந்த நூலால் இழந்த அவர், டார்ம்ஸ்டாட் திரும்பி மருத்துவத் தொழிலைத் தொடர்ந்தார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட அந்நூலைச் சிறுவயதில் படித்தவர்களில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் ஒருவர்.

லுட்விக்கின் வெற்றிக்கு ஒரு காரணம், சாதாரண வாசகரின் ஜெர்மன் மொழியில் அவர் அறிவியலை எழுதியது. ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணம் மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் உருவாக்கிக்கொண்டிருந்தார். நோக்கங்கள் வேறாயினும், அறிவு மக்களின் மொழியில் இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

தந்தை விட்டுச் சென்றது

எர்ன்ஸ்ட் பியூக்னர் 1861இல் காலமானார். பிள்ளைகளின் அரசியலை அவர் ஊக்குவித்ததற்குச் சான்று இல்லை. ஆயினும் உற்றுப் பார்ப்பது, பார்த்ததைத் துல்லியமாகப் பதிவு செய்வது, சொல்வதற்கு ஆதாரம் காட்டுவது என்ற தொழில் ஒழுக்கம் அவர் வீட்டில் நிலவியது. அரசின் சேவைக்காகப் பழகிய அந்த ஒழுக்கத்தைப் பிள்ளைகள் அரசின் வரிக் கணக்கின் மீதும், மரண தண்டனையின் மீதும், மத நம்பிக்கையின் மீதும் திருப்பினார்கள். அதற்கான விலையைத் தாயக இழப்பாகவும் பதவி இழப்பாகவும் கொடுத்தார்கள்.

கோடெலாவில் கியோர்க் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. 1923இல் அவர் பெயரில் நிறுவப்பட்ட பரிசு, 1951 முதல் ஜெர்மன் மொழி எழுத்தாளர்களுக்கான மிக உயர்ந்த இலக்கிய விருதாக வழங்கப்பட்டு வருகிறது. பரிசளிப்பு விழா நடைபெறும் இடம் டார்ம்ஸ்டாட். 1835இல் கியோர்க் பியூக்னரைக் கைது செய்யத் தேடிய ஆட்சியின் தலைநகராக இருந்ததும் அதே நகரம்தான்.