இருட்டில் தேனீ ஏன் தரைக்கு வருகிறது?

பூ இருக்கும் திசையைத் தேனீ தன் கூட்டாளிகளுக்கு ஆடிக் காட்டுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். சூரியனை வைத்து வழி சொல்லும் அந்தப் பூச்சி, பொழுது சாய்ந்தபின் என்ன செய்யும்?

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். பெட்டிகளை வேறு தோட்டத்துக்கு மாற்றுவதென்றால் இருட்டிய பிறகுதான் வாசலை அடைப்பார்கள். வெளியே போன தேனீக்கள் எல்லாம் அதற்குள் வீடு திரும்பியிருக்கும். இரவில் மூடியைத் திறந்தாலோ, பகலில் போல அவை எழும்பிப் பறப்பதில்லை. ஊர்ந்து வந்து கையிலும் சட்டையிலும் ஏறிக் கொட்டும். இறக்கையில் ஒரு குறையும் இல்லை. குளிர்நாடுகளில் இரவுக் குளிரே பறக்கும் தசைகளை முடக்கிவிடும் என்பது உண்மைதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் காரணம் செல்லாது. சிக்கல் கண்ணில் இருக்கிறது.

வேலைக்காரத் தேனீயின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் சுமார் 5,000 சிறுகண்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ். அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அந்தத் துளி லென்ஸ் வழியே வரும் ஒளி மட்டுமே அந்தச் சிறுகண்ணுக்கு. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு அமைப்பே வேறு: நூற்றுக்கணக்கான லென்ஸ்கள் வாங்கும் ஒளி ஒரே இடத்தில் வந்து குவியும். நட்சத்திர வெளிச்சம் பகல் வெளிச்சத்தைவிட ஏறக்குறைய பத்துக் கோடி மடங்கு மங்கல் என்பதை நினைத்துப் பார்த்தால், தேனீயின் பாடு புரியும்.

வழி தெரியாமல் போவதோடு இது முடிவதில்லை. பறப்பதே கெட்டுவிடுகிறது. தரையும் மரங்களும் கண்ணைக் கடந்து பின்னோக்கி ஓடுகின்றனவே, அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் தேனீ தன் வேகத்தையும் உயரத்தையும் சரிசெய்துகொள்கிறது. ஆஸ்திரேலியாவில் மாண்டயம் ஸ்ரீனிவாசன் கோடுகள் வரைந்த சுரங்கப்பாதைகளில் தேனீக்களைப் பறக்கவிட்டு இதை அழகாகக் காட்டினார். இரு பக்கச் சுவர்களும் ஒரே வேகத்தில் ஓடும்படி, அவை நட்டநடுவே பறந்தன. அதற்கு முன்பே, 1963இல் ஹெரானும் லிண்டவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏரியைக் கடக்கப் பழக்கிய தேனீக்கள், அலை இருந்தபோது ஒழுங்காகக் கடந்தன. நீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தபோது தாழ்ந்து தாழ்ந்து தண்ணீரில் விழுந்தன. நல்ல பகலில் நடந்தது இது! கண்ணுக்குப் பிடிமானமாக எதுவும் நகரவில்லை, அவ்வளவுதான். இருட்டில் தரை முழுவதுமே அந்த ஏரிதான்.

நம் மலைத்தேனீ கொஞ்சம் விதிவிலக்கு. பாதி நிலவு இருந்தாலே இரவில் பூவுக்குப் போகும். அதனால்தான் மலேசியாவில் துவாலாங் மரத்தில் தேன் எடுப்பவர்கள் நிலவில்லாத நேரம் பார்த்து ஏறுகிறார்கள். எரியும் பந்தத்தைக் கிளையில் தட்டினால் தீப்பொறிகள் உதிரும். தேனீக்கள் அவற்றைத் துரத்திக்கொண்டே கீழே இறங்கும். மேலே ஏற வெளிச்சம் இல்லை. விடியும்வரை தரையிலேயே கிடக்கும்.

அடுக்குமாடி பால்கனிகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சன்ஷேடில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். கீழே இரவெல்லாம் டியூப்லைட் எரியும். அதைச் சுற்றிச் சுற்றியே ஓய்ந்து, காலையில் தரையில் குவியலாகச் செத்துக் கிடக்கும். குடியிருப்பவர்கள் பயந்துபோய் மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடுகிறார்கள். அந்த விளக்கை அணைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முழு இருட்டையும் வென்ற தேனீ ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் சைலோகோப்பா ட்ரான்குபாரிகா. பெயரில் இருப்பது தரங்கம்பாடி. ஹேமா சோமநாதனும் உடன் ஆய்வாளர்களும் மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காடுகளில் இதைக் கவனித்தார்கள். நிலவே இல்லாத இரவிலும் வெளியே போய், தன் பொந்துக்கே திரும்பி வருகிறது. கண்ணின் அமைப்பு பகல் தேனீயினுடையதுதான். லென்ஸ் மட்டும் பெரிது, ஒளியை வாங்கும் தண்டும் பருமன். ஆனால் அந்தக் கூடுதல் ஒளி மட்டும் போதாது. அடுத்தடுத்த சிறுகண்களின் செய்திகளை மூளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தக் கூட்டல் எப்படி நடக்கக்கூடும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)