சிதறாத ரவைக்கு ஒரு சிவப்புப் புள்ளி

பறக்கும் வாத்தைச் சுடுபவர் நின்று குறி பார்ப்பதில்லை. கண் பறவையிலேயே இருக்க, குழல் அதன் போக்கில் பின்தொடர்கிறது. சின்னப் பிழை நேர்ந்தாலும் சிதறும் ரவை ஈடுகட்டிவிடும். ஷாட்கன் மேல் ரெட் டாட், அதாவது கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் குறி, பொருத்துவது வீண் என்பவர்களின் வாதம் இதுதான். களிமண் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளின் விதிகளும் ஒளி உமிழும் குறிகளை அனுமதிப்பதில்லை. ஆனால் அமெரிக்க வேட்டைக்காரர்கள் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னில் போடும் தோட்டாக்கள் எல்லாமே சிதறுபவை அல்ல. இல்லினாய், அயோவா போன்ற சமவெளி மாநிலங்களில் மான் வேட்டைக்கு நெடுங்காலமாக ஒற்றைக் குண்டான ஸ்லக்தான் வழக்கமாக இருந்தது. காட்டு வான்கோழிக்கோ குழல் முனையைக் குறுக்கும் இறுக்கமான சோக்கும், ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியான டங்ஸ்டன் ரவையும். 20 கெஜத்தில் அந்த ரவை அதிகம் விரியாமல் கொத்தாகவே போகிறது. அங்கே பிழைக்கு ஈடு கிடையாது.

பிழை எங்கிருந்து வருகிறது? சாதாரண ஷாட்கன்னில் குழல் முனையில் ஒரு மணி மட்டுமே உண்டு. பின்குறியின் வேலையைக் கண்ணே செய்கிறது. கண்ணுக்கும் மணிக்கும் இடையே சுமார் 90 சென்டிமீட்டர். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையான ஸ்டாக்கில் சரியாகப் பதியாமல் கண் வெறும் 5 மில்லிமீட்டர் உயர்ந்தால், 20 மீட்டரில் ரவை சுமார் 11 சென்டிமீட்டர் மேலே போகும். வான்கோழித் தலை தப்ப அது போதும். ரெட் டாட்டில் கண் சற்று நகர்ந்தாலும் புள்ளி இலக்கை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதை மாட்டுவதற்கான உண்மையான காரணம் இதுவே.

இந்த ஆதாயத்தைக் காப்பதும் கெடுப்பதும் குறியைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுன்ட்தான். துப்பாக்கியின் இயங்குபாகங்களைத் தாங்கும் ரிசீவர் மேல் உயரமான ரெயில், அதன் மேல் குறி என்று அடுக்கினால் கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும்பும். புள்ளியைத் தேடுவதே வேலையாகிவிடும். மாஸ்பெர்க் 940 ப்ரோ வரிசையின் சில மாடல்களில் ரிசீவரையே குடைந்து குறியைத் தாழ்வாக உட்கார வைத்திருப்பது இதனால்தான். அலுமினிய ரிசீவரில் மரை ஆழமில்லை. திருகைக் கைப்போக்கில் முறுக்காமல் டார்க் ரெஞ்சால் அளந்து முடுக்கி, மரைப் பசையும் இடவேண்டும். குழலைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் குறி சற்று மாறக்கூடும். ஸ்லக் சுடுவோர் குழலிலேயே பதிந்து ரிசீவர் மேல் நீளும் கான்டிலீவர் மவுன்ட்டை விரும்புவது அதைத் தவிர்க்கத்தான்.

எடை கூடினால் பெனெல்லி போன்ற இனர்ஷியா துப்பாக்கிகள் லேசான தோட்டாவில் சிக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அவை துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் அசைவை நம்பியே இயங்குகின்றன. ஆனால் சிறிய ரெட் டாட் 30 கிராம் அளவே. மூன்று கிலோ துப்பாக்கியில் அது நூற்றில் ஒரு பங்கு. பேட்டரி தீர்ந்தால்? தாழ்வாகப் பொருத்திய கண்ணாடி வழியே பல துப்பாக்கிகளில் பழைய மணி தெரியும். அமெரிக்க மரைன் படை 1999-இல் எம் 1014 என்ற பெயரில் ஏற்ற பெனெல்லியிலும் ரெயிலோடு இரும்புக் குறிகளும் உண்டு. ஆகவே வாத்துக்கும் களிமண் தட்டுக்கும் மணியே போதும். ஸ்லக்குக்கோ வான்கோழிக்கோ ரெட் டாட் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியின் விலையை அல்ல, மவுன்ட்டின் உயரத்தை.