பேசாத நாட்களுக்கும் பில்லா?

வியாபாரிக்கு முதல் இரண்டு. ஒன்று காசு, மற்றது வாக்கு. காசு போனால் உழைத்துச் சேர்க்கலாம். வாக்குப் போனால் சேர்ப்பது கஷ்டம். என் பிழை எதுவும் இல்லாமலே என் வாக்கு ஒருமுறை தவறியது. அந்தக் கதையை நமது வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியது. 28ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தின் முன் என் கடைக் கதை சிறியது. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் முதலில் மின்சாரம் போனது. பிறகு கையடக்கத் தொலைபேசியில் சிக்னல் போனது. கடைசியாகக் கடை இணைப்பும் செத்தது. ஐந்து நாட்கள் எதுவும் வேலை செய்யவில்லை. புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்குக் கொடுத்திருந்த காசோலை அந்த வாரம்தான் வங்கிக்குப் போனது. வழமையாகத் தொலைபேசியிலேயே கணக்குக்குப் பணத்தை மாற்றி விடுவேன். அம்முறை முடியவில்லை. காசோலை திரும்பி விட்டது.

இணைப்பு வந்ததும் முதல் அழைப்பு அவருக்குத்தான். "காசு பரவாயில்லை நானா, ஒரு கோல் தந்திருக்கலாமே" என்றார். இருபது வருடக் கொடுக்கல் வாங்கல். அந்த ஒரு கோல் எடுக்க முடியாமல் போனதுதான் விஷயம் என்பதை அவருக்குப் புரிய வைக்கச் சில நிமிடங்கள் ஆனது.

அதே நாட்களில் தோட்டத்து அம்மா ஒருவர் மழையில் நனைந்து கடைக்கு வந்தார். "மொதலாளி, ஒங்க போன் வேல செய்யுதா? கொழும்புல இருக்கிற மகன் நாங்க உசுரோட இருக்கிறத தெரியாம தவிப்பான்" என்றார். என்னிடமும் பதில் இல்லை. இந்த மலையில் தொலைபேசி வியாபாரச் சாமான் மட்டுமல்ல என்பது அன்று நன்றாக விளங்கியது.

பில் மட்டும் தவறவில்லை

அடுத்த மாதம் பில் வந்தது. முழு மாதத்துக்கும் முழுக் கட்டணம். நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். "அங்கிள், அது இயற்கை அனர்த்தம்தானே" என்றார் அங்கிருந்த பிள்ளை. உண்மைதான். புயலை அந்த நிறுவனம் அனுப்பவில்லை. புயலில் கம்பம் ஏறிய ஊழியர்களுக்கு நாம் நன்றி சொல்லவும் வேண்டும்.

நான் கேட்டது வேறு. "எனக்கு நட்டஈடு வேண்டாம் மகள். தராத ஐந்து நாளுக்கு ஏன் காசு எடுக்கிறீர்கள்?" என்றேன். மழையால் என் லொறி வராவிட்டால் அது என் பிழையல்ல. அதற்காக, கொடுக்காத சீனிக்கு வாடிக்கையாளரிடம் நான் காசு வாங்க முடியுமா? அளவையில் குறைக்கக் கூடாது என்று சிறு வயதிலேயே படித்தவர்கள் நாம்.

எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். மாதம் 3,000 ரூபா கட்டணத்தில் ஐந்து நாளுக்கு 500 ரூபா வரும். இரண்டு தடவை அலைந்த பிறகு அதைக் கழித்தார்கள். 500 ரூபா பெரிய காசல்ல. ஆனால் கேட்டதால்தான் கிடைத்தது. கேட்காத மற்ற வாடிக்கையாளர்களின் நிலை என்ன?

ஏன் மலையில் அதிகம்?

தொலைபேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பெற்றரி சில மணித்தியாலங்கள்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். பாதையில் மண் சரிந்து கிடந்தால் டீசல் போகாது. பாதையோரம் போகும் கேபிளும் மண்ணோடு அறுந்து விடும். நகரத்தில் ஒரு கோபுரம் விழுந்தால் பக்கத்துக் கோபுரம் கை கொடுக்கும். இங்கே ஒரு பள்ளத்தாக்குத் தோட்டத்துக்கு ஒரே கோபுரம்தான் என்ற நிலை பல இடங்களில் உண்டு. 2022இல் நீண்ட மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் இருந்தபோது, புயல் இல்லாமலே சிக்னல் போனதை நாம் மறக்கவில்லை.

மற்ற நாடுகளில்

பிரித்தானியாவில் 2019 ஏப்ரலில் ஒரு திட்டம் ஆரம்பமானது. வீட்டுத் தொலைபேசியோ இணைய இணைப்போ பழுதாகி இரண்டு முழு வேலை நாட்களுக்குள் திருத்தப்படாவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 8 பவுண் தர வேண்டும் என்று அப்போது வகுத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் வாடிக்கையாளர் கேட்காமலே அதைக் கொடுக்க வேண்டும். கனடாவில் 2022 ஜூலையில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் சேவை நின்று, நாடு முழுவதும் வங்கி அட்டைக் கொடுப்பனவுகளும் பாதிக்கப்பட்டன. ஐந்து நாள் கட்டணத்தை அந்த நிறுவனம் கழித்தது.

இந்தியாவில் 2024இல் வந்த விதியின்படி, ஒரு மாவட்டத்தில் 24 மணித்தியாலத்துக்கு மேல் சேவை நின்றால், பில் கட்டுபவருக்குக் கழிவு கிடைக்கும். ரீலோட் போடுபவருக்குக் காலம் நீடிக்கப்படும். இயற்கை அனர்த்தத்துக்கு அங்கு விலக்கு உண்டு. ஆனாலும் ரீலோட்காரரையும் கணக்கில் எடுத்ததுதான் முக்கியம். நம் தோட்டங்களில் பில் கட்டுபவர் எத்தனை பேர்? கடையில் ரீலோட் போட்டு ஒரு வாரப் பெக்கேஜ் எடுப்பவர்களே அதிகம். சிக்னல் இல்லாமலே அந்த வாரம் முடிந்தால் அவர்கள் பணம் போனது போனதுதான். காட்டுவதற்கு அவர்களிடம் பில் கூட இல்லை.

நாம் செய்ய வேண்டியது

சேவை நின்ற திகதியையும் நேரத்தையும் கடைக் கொப்பியில் எழுதுங்கள். நிறுவனத்திடம் முறைப்பாடு செய்து இலக்கம் வாங்குங்கள். தீர்வு இல்லாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் முறைப்பாட்டை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் இருக்கிறது. அங்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தி விடாதீர்கள்.

வியாபார நட்டத்தைத் தொலைபேசி நிறுவனம் தரும் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். காசோலைக்குரிய பணத்தை இரண்டு நாள் முன்னதாகவே வங்கியில் போட்டு விடுங்கள். இரண்டு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருப்பவர்கள், இரண்டும் ஒரே கோபுரத்தில் தொங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர் வர்த்தக சங்கங்கள் தனித்தனி 500 ரூபாவுக்காக அல்லாமல் ஒரே கோரிக்கையோடு போக வேண்டும். சேவை தராத நாளுக்குக் காசு எடுக்கக் கூடாது. ரீலோட் போட்டவருக்கு அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் கேட்காமலே கிடைக்க வேண்டும். மழையில் நனைந்து வந்த அந்த அம்மா எந்த அலுவலகத்துக்கும் போய்க் கேட்கப் போவதில்லை. அவருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியவர்கள் அவருக்கு ரீலோட் விற்கும் நாம்தான்.