அடைபட்ட வால்வு, அளக்கப்படாத மாசு

சிறு சரக்கு வாகனங்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் சொல், 'ஈ.ஜி.ஆர்.'. வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடுகிறது என்று ஓட்டுநர் முறையிட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'ஈ.ஜி.ஆர். போயிருக்கு, அடைச்சுவிட்டா சரியாயிடும்'. சிறு தகடு ஒன்றை வெட்டி, புகை திரும்பி வரும் வழியில் வைத்து இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அரை நாள் வாடகைகூட இழக்காமல் வண்டி சாலைக்கு வந்துவிடும்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இன்ஜினில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் தெருவுக்குப் பிக்கப் வண்டியில் காய்கறி கொண்டுவரும் இளைஞருக்கு இதே வைத்தியம் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. 'செய்யலாமா சார்? தப்பு ஏதும் இல்லையே?' என்று என்னிடம் கேட்டார். கடனில் வாங்கிய வண்டி. தவணை கட்ட வேண்டியவருக்கு வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் இரட்டை நட்டம். அவர் கேள்விக்கு விடை தேடி, அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சிலரிடமும் பொறியியல் கல்லூரி நண்பர் ஒருவரிடமும் பேசியபோது, இது இன்ஜின் பிரச்சினையாக இருக்கும் அளவுக்குப் பொருளியல் பிரச்சினையாகவும் இருப்பது தெரிந்தது.

ஈ.ஜி.ஆர். என்பது இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடு. கழித்த புகையை ஏன் மறுபடியும் விழுங்க வேண்டும்? காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் அது எதனோடும் சேராது. டீசல் எரியும் இடத்தில் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அது ஆக்சிஜனுடன் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுவது வேகமெடுக்கிறது. எரிந்து முடிந்த புகையிலோ ஆக்சிஜன் குறைவு. கரியமில வாயுவும் நீராவியும் மிகுதி. அதைப் புதிய காற்றோடு அளவாகக் கலந்தால் எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது; நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன. எவ்வளவு புகை திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கதவே ஈ.ஜி.ஆர். வால்வு. திரும்பும் புகையின் சூட்டைத் தணிக்கக் கூலர் ஒன்றும் உண்டு. அதற்குள் ரேடியேட்டரின் கூலன்ட் ஓடுகிறது.

மாசு வரம்புகள் இறுகிய ஒவ்வொரு முறையும் இந்தக் கதவின் பொறுப்பு கூடியிருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. முந்தைய விதியில் டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடலாம். பிந்தையதில் 80 மில்லிகிராம்தான். சிறு சரக்கு வாகனங்களுக்கும் வரம்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

வால்வு ஏன் கெடுகிறது? புகையில் கரித்தூள் இருக்கிறது. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் காற்றுக் குழாயில்தான் கலக்கிறது. இரண்டும் சேர்ந்து தார் போலப் படிகின்றன. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியில் இது மெல்ல நிகழும். விடியற்காலையில் சந்தையில் சரக்கு ஏற்றி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்து, பிறகு தெருத் தெருவாக நின்று நின்று நகரும் வண்டியில் மிக விரைவாகவே நிகழும். காய்கறி வண்டி, தண்ணீர் கேன் வண்டி, எரிவாயு உருளை வண்டி எல்லாமே இந்த வகைதான். எந்தத் தொழிலுக்கென்று இவை வாங்கப்படுகின்றனவோ, அந்தத் தொழிலே இந்த வால்வுக்குப் பகையாக இருக்கிறது.

இனி பழுதைக் கண்டறிவது. வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், முழு அளவு புதிய காற்று தேவைப்படும் நேரத்திலும் புகை உள்ளே புகும். வண்டி மேடேறத் திணறும், கரும்புகை வரும், நின்ற இடத்தில் இன்ஜின் குலுங்கும், சிலசமயம் அணைந்தும் போகும். மூடிய நிலையில் சிக்கினால் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். அதாவது, ஊருக்குக் கேடு செய்யும் பழுது ஓட்டுநருக்குத் தொல்லை தருவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு எரிந்தால் ஸ்கேனரைப் பொருத்திக் குறியீட்டைப் படிக்கிறார்கள். பி0401 என்றால் திரும்பும் புகை போதவில்லை. பி0402 என்றால் மிகுதி. பி0403 என்றால் வால்வுக்கான மின்சுற்றில் கோளாறு. பல பட்டறைகளில் ஆய்வு இத்துடன் முடிந்து, 'வால்வை மாத்தணும்' அல்லது 'அடைக்கணும்' என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. ஆனால் குறியீடு என்பது புகார் மனு மட்டுமே. பல டீசல் வண்டிகளில் கணினி, திரும்பி வரும் புகையை நேரடியாக அளப்பதில்லை. உள்ளே வரும் புதிய காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. வால்வு திறக்கும்போது அந்த அளவு எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு புகையின் அளவை ஊகிக்கிறது. அந்தச் சென்சாரில் தூசு படிந்திருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கீறல் இருந்தாலும் ஊகம் பிசகும்; பழி வால்வின்மேல் விழும். பல ஆயிரம் ரூபாய்க்குப் புது வால்வு போட்ட பிறகும் அதே விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நல்ல மெக்கானிக் செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குகிறார். ஃபில்டர், குழாய்கள், மின் இணைப்பின் முனைகள் ஆகியவற்றை முதலில் பார்க்கிறார். மின்சார வால்வானால், ஸ்கேனரில் கணினி கேட்ட திறப்பையும் வால்வு உண்மையில் திறந்த அளவையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். இரண்டும் ஒத்துப்போனால் வால்வு குற்றவாளி அல்ல. கணினி கேட்டும் வால்வு அசையவில்லை என்றால் கரி பிடித்திருக்கலாம், மோட்டார் போயிருக்கலாம். பழைய வகை வெற்றிட வால்வானால் கையால் இயக்கும் பம்பைப் பொருத்தி, உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு வெற்றிடத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிடலாம்.

கரிதான் காரணம் என்றால் தீர்வு சுத்தம் செய்வதுதான். வால்வைக் கழற்றி, அதற்குரிய திரவத்தைத் தெளித்து ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். திரவம் மோட்டார் பக்கம் போகக்கூடாது. வால்வு அமரும் விளிம்பை இரும்பால் சுரண்டக்கூடாது. மீண்டும் பொருத்தும்போது புதிய கேஸ்கட் வேண்டும். பல வண்டிகளில், வால்வின் மூடிய நிலை எது என்பதை ஸ்கேனர் வழியே கணினிக்குப் புதிதாகக் கற்பிக்கவும் வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, 'சுத்தம் செய்தும் பயனில்லை' என்பாரும் உண்டு.

கூலர் ஓட்டையானால் கதை வேறு. வெளியே எங்கும் கசிவு தெரியாமலேயே கூலன்ட் குறைந்துகொண்டு வரும், வெண்புகையும் வரலாம். இதைத் தள்ளிப் போடவே கூடாது. கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் இன்ஜினே போய்விடும்.

'அடைத்த பிறகு வண்டி பறக்கிறது, மைலேஜ் கூடியிருக்கிறது' என்று ஓட்டுநர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? கரி பிடித்துத் திறந்தே கிடந்த வால்வோடு ஒப்பிடுகிறார்கள். சுத்தம் செய்யப்பட்டுச் சரியாக இயங்கும் வால்வோடு ஒப்பிட வேண்டும். முழுச் சுமையில் வண்டி இழுக்கும்போது நல்ல வால்வு ஏறத்தாழ மூடியே இருக்கும். எனவே இழுவைத் திறனில் அடைத்த வண்டிக்கும் சுத்தம் செய்த வண்டிக்கும் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. தகட்டுக்குக் கிடைக்கும் புகழ் பெரும்பாலும் கரி நீங்கியதற்குச் சேர வேண்டியது. மாணவர்களுக்கு நான் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்த பாடம்தான் இது: ஒரு நடவடிக்கையின் பலனை, அதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் போதாது, கைவசமிருந்த மற்ற வழியோடு ஒப்பிட வேண்டும்.

பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சுத்தம் செய்ய அரை நாள் பிடிக்கும். கூலி சில நூறு. தகடு வைக்க அரை மணி. வாடிக்கையாளருக்கோ இரண்டின் வேறுபாடும் தெரியாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் மட்டமான சரக்கே நிலைக்கும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். பழுது பார்க்கும் சேவைக்கும் அது பொருந்தும்.

இவ்வளவும் ஓட்டுநருக்கும் பட்டறைக்கும் இடையிலான கணக்கு. அடைத்த வண்டியிலிருந்து வரும் கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடுகளின் விலையைச் செலுத்துபவர் இருவருமே அல்லர். அது மூச்சுக்குழாயை அரிக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களை வாட்டுகிறது, வெயிலில் வேதிமாற்றமடைந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகிறது, நுண்துகள்களாகவும் மாறுகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான ஆண்டுச் சராசரி நம் நாட்டுத் தர அளவுப்படி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் பரிந்துரையை 40-லிருந்து 10-ஆகக் குறைத்தது. சரக்கு வண்டிகள் நின்று நின்று போகும் தெருக்களில்தான் பள்ளிக் குழந்தைகளும் நடக்கிறார்கள்.

இதை அரசு பிடித்துவிடாதா? மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்காக டீசல் வண்டியில் அளக்கப்படுவது புகையின் அடர்த்தி மட்டுமே. நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்து, புகையின் வழியே ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்க்கிறார்கள். நிறமில்லாத நைட்ரிக் ஆக்சைடு இதில் சிக்காது. திறந்தே சிக்கிய வால்வை அடைத்தால் கரும்புகை குறைந்து, வண்டி இந்தச் சோதனையில் முன்னிலும் நன்றாகவே தேறும். சோதனைக்குத் தோற்றுவிடுவோமோ என்று அஞ்சுபவருக்குத் தகடு ஒரு குறுக்குவழியாகவே அமைகிறது. எதை அளக்கிறோமோ அதுதான் திருத்தப்படும், அளக்காதது பெருகும். 2015-இல் வெளியான ஃபோக்ஸ்வாகன் மோசடியில் பெரிய நிறுவனமே இந்த இடைவெளியில்தான் ஒளிந்துகொண்டது. சோதனைக் கூடத்தில் ஈ.ஜி.ஆர். கூடுதலாக இயங்கும், சாலையில் குறைந்துவிடும்படி அதன் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. ஆனால் தகட்டைத் தேடி யார் இன்ஜினைக் கழற்றப் போகிறார்கள்? பிடிபட்டாலும் தண்டனை உரிமையாளருக்கு. யோசனை சொன்னவர் தப்பிவிடுவார்.

அபராதத்தை உயர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எளிய வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1998-ஆம் ஆண்டும் அதற்குப் பின்னும் தயாரான டீசல் பிக்கப் வண்டிகளுக்கான மாசுச் சோதனையில் வாகனக் கணினியின் பதிவுகளும் படிக்கப்படுகின்றன. இங்கும் எஃப்.சி. புதுப்பிக்க வரும் பி.எஸ்.-6 சரக்கு வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்தினால், ஈ.ஜி.ஆர். குறியீடுகள் சில நிமிடங்களில் வந்துவிடும். மென்பொருளையே மாற்றி விளக்கை அணைத்துவிடுபவர்கள் சிலர் தப்பலாம். வெறும் தகடு வைத்த பலர் தப்ப முடியாது. குறியீடு இருந்தால் உடனே அபராதம் விதிக்காமல், சரிசெய்து வர ஒரு மாதம் தரலாம். அந்த ஒரு மாதத்தில் வால்வைச் சுத்தம் செய்து, கணினிக்குக் கற்பித்துத் தரும் பட்டறை ஊர்தோறும் இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில், ஏற்கெனவே பட்டறை நடத்துபவர்களுக்கும் மாலை வகுப்பாகத் தர முடியும்.