அச்சிலிருந்து எழும் ஆட்டுக்குட்டி

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஈஸ்டர் காலையில் மேசைக்கு வருவது ஆட்டுக்குட்டி. பயப்பட வேண்டாம், கேக்தான்! உள்ளூர்ப் பெயர் ‘லமாலா’.

இதற்கான மண் அச்சுகளுக்குப் பேர்போனது சூஃப்லென்ஹைம் என்ற குயவர் கிராமம். அச்சு இரண்டு பாதிகளாக இருக்கும். கம்பிக் கொக்கி போட்டுச் சேர்ப்பார்கள். உள்ளே காது மடல், கழுத்து மடிப்பு வரை வெண்ணெய் தடவி, மாவு தூவ வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் குட்டியின் காது அச்சிலேயே தங்கிவிடும். பிறகு அச்சைத் தலைகீழாக நிறுத்தி, அடிப்பக்கத் திறப்பு வழியே முக்கால் அளவுக்கு முட்டைக் கலவையை ஊற்றுவார்கள். மீதி இடம் கேக் உப்புவதற்கு.

வெந்ததும் திறக்க அவசரப்படக்கூடாது. சூட்டில் கேக் மென்மையாக இருக்கும், கழுத்து ஒடியும். ஆறவிட்டு, கொக்கியைக் கழற்றி, குட்டி நேராக உட்காரும்படி அடியைச் சமமாக வெட்டுவார்கள்.

கேக்கில் முட்டை ஏன் இவ்வளவு? முன்பெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் 40 நாட்களும் முட்டைக்குத் தடை. கோழிகளுக்கு அது தெரியுமா? வீடெங்கும் முட்டை குவிந்துவிடும், அதைத் தீர்க்கத்தான் இந்தக் கேக்.

அலங்காரம் எளிது. வெள்ளைக் கம்பளியாகப் பொடித்த சர்க்கரை, முதுகில் ஒரு சிறு காகிதக் கொடி. ஐசிங் பூசினால் அச்சின் நுணுக்கமான சுருள்கள் மறைந்துவிடும். சர்க்கரைத் தூளே போதும்.