குடிநீரும் காப்பும்

சூனியம் என்னுஞ் சொல் தமிழரிடையே அச்சத்தோடு வழங்குவது. பகைவன் ஒருவன் மந்திரவாதியைக் கொண்டு தீவினை செய்விப்பதே அச்சொல்லாற் கருதப்படும். ஆங்கிலத்து ‘விட்ச்கிராப்ட்’ என்பதற்கும் அதனையே மொழிபெயர்ப்பாகத் தருதல் வழக்கமாதலின், இக்காலத்து மேனாட்டார் சிலர் தம்மைத் தாமே ‘விட்ச்’ என்று வெளிப்படக் கூறிக்கொள்ளுதலைக் கேட்குந் தமிழர் திடுக்குறுவர். அவர்தம் அன்றாட ஒழுக்கத்தை நோக்குமிடத்து அத்திடுக்கம் நகைப்பாக மாறும். காலையிற் புதினாவும் இரவிற் சீமைச் சாமந்திப்பூவுமிட்ட வெந்நீரைப் பருகுதல், வாயிலிற் பச்சிலை தொங்கவிடுதல், உப்பினால் மனையைக் காத்தல், வளர்பிறை தேய்பிறை நோக்கிக் கருமந் தொடங்குதல் என்னும் இவையே அவர் செய்வனவற்றுட் பெரும்பகுதியாம். யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் இவற்றைச் சூனியம் என்னார்; காப்பு என்பர்.

இப்புது நெறியை உலகறியச் செய்தவர் ஜெறால்ட் கார்ட்னர் (1884–1964) என்னும் ஆங்கிலேயர். இவர் இளமையில் இலங்கைக்கு வந்து, 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே தொழில் பயின்றவர் என்பது ஈழத்தவர் பலர் அறியாத செய்தி. பின்னர் போர்ணியோவுக்கும் மலாயாவுக்குஞ் சென்று, மலாயர் ஏந்தும் ‘கிரிஸ்’ என்னுங் குத்துவாளைப்பற்றி 1936இல் ஒரு நூலும் எழுதினார். (யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் எழுதுவினைஞராய் இருந்த காலமும் அதுவே.) இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டிலிருந்து நின்ற சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்படவே, கார்ட்னர் 1954இல் ‘இன்றைய விட்ச்கிராப்ட்’ எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். கிறித்துவத்துக்கு முற்பட்ட பழஞ்சமயமொன்று மறைவாக வாழ்ந்து தம் காலம்வரை வந்தது என்பது அவர் துணிபு. மார்கரெட் மரே என்னும் அம்மையார் 1921இலேயே இக்கொள்கையை வகுத்திருந்தார். இன்றைய வரலாற்றாசிரியர் அதனை ஏற்பதில்லை. றொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்நெறி பெரும்பான்மையும் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கமே என்று காட்டிற்று. எனவே, மேனாட்டார் அறுந்துபோன நூலொன்றை நூல்நிலையத்திலிருந்து மீட்டு முடிகின்றனர். யாழ்ப்பாணத்திலோ நூல் இன்னும் அறவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டினையும் ஒப்பிடுதல் பிழையாகும்.

பச்சிலைத் தேநீர் என்பதும் ஆராய்தற்குரிய சொல்லே. தேயிலை ஒரு செடியின் இலை. அஃதில்லாத பானத்தைத் தேநீர் என்பது ஆங்கில வழக்குப்பற்றி வந்தது. தமிழில் அதற்குக் குடிநீர் எனவும் கஷாயம் எனவும் தனிப்பெயர்கள் உள. செய்முறையும் வேறு. மேனாட்டார் பூவையும் இலையையும் கோப்பையிலிட்டு, கொதிநீரை வார்த்து, மூடி வைத்துச் சில நிமிடங்களில் வடித்துக்கொள்வர். நறுமண எண்ணெய் ஆவியாய்ப் போகாதிருத்தற்கு அதுவே தக்க முறை. நம் பரியாரியார் வேரும் பட்டையும் வித்தும் கையாளுவர்; அவற்றின் சாரம் எளிதில் இறங்காது. ஆதலின், இடித்துப் போட்டு, எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சுக என்று விதிப்பர். நாலொன்றாக வற்றுவிப்பனவும் உண்டு. வற்றுங்கால் அடுப்பருகே ஒருவர் இருந்தேயாக வேண்டும். நோயாளியின் பொருட்டு ஒரு மனிதர் ஒரு நாழிகை செலவிடுதலும் மருந்தின் ஒரு கூறுபோலும்.

யாழ்ப்பாணத்து இல்லங்களிலே தடிமனுக்குங் காய்ச்சலுக்கும் முதலில் அடுப்பேறுவது கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் சேர்ந்த குடிநீர். கைக்கு எட்டுமாயின் ஆடாதோடையிலையுஞ் சேரும். கடித்துக்கொள்வதற்குப் பனங்கட்டி. ஆடாதோடை சளியை இளக்கும் என்று நம் முன்னோர் கொண்டது வீண்நம்பிக்கையன்று. அவ்விலையிலுள்ள ‘வாசிசின்’ என்னும் பொருளை முதலாகக் கொண்டே ‘புரோம்ஹெக்சின்’ என்னும் இருமல் மருந்தை 1960களில் மேனாட்டு இரசாயனர் ஆக்கினர். மருந்துக்கடையிற் பணங்கொடுத்துப் பெறும் அப்பாணியின் முன்னோர் வேலியோரத்து ஆடாதோடையே என்பது மாணவர் அறியத்தக்கது.

இவ்வறிவு வாய்மொழியாக மட்டும் வந்ததன்று. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் விருதுப் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் ஏட்டிற் கிடந்தன. அவற்றை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையா என்பவர் அச்சேற்றினார். அதற்கு முன்னரே, 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். இரு மருத்துவமும் தமிழில் ஒருங்கே கிடைத்த பேறு இக்குடாநாட்டுக்கு உரியது. கைதடியிற் பல்கலைக்கழகச் சித்த மருத்துவக் கல்வி நடைபெறுவதும் அம்மரபின் தொடர்ச்சியே.

இனி, குடிநீரும் காப்பும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் இடங்களை நோக்குவாம். சித்திரைப் புத்தாண்டில் ஆடும் மருத்துநீர் அவற்றுட் சிறந்தது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு, பால், கோரோசனை முதலியன இட்டுக் காய்ச்சிய நீர் அது. கோயிலிற் குருக்கள் ஆக்கி வழங்க, வீடுதோறும் செம்பிற் கொணர்ந்து, முதியோர் இளையோரின் தலையில் வைத்து வாழ்த்தி ஆட்டுவர். தலையில் இன்ன இலை, காலில் இன்ன இலை என்று பஞ்சாங்கம் ஆண்டுதோறும் குறிக்கும். சரக்குப் பட்டியைக் கண்ட வைத்தியர் அதனை மருந்தென்பார். இலையின் முறையைக் கண்ட சமயநூலார் கிரியை என்பார். ஆட்டும் மூதாட்டிக்கு இவ்விரண்டும் வேறல்ல.

வேம்பின் செய்தி இன்னும் பழையது. போரிற் புண்பட்டுக் கிடந்த வீரன் மனையில் வேப்பிலை செருகி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகைச் சிதறி, காஞ்சிப்பண் பாடிக் காத்தனர் என்பதைப் புறநானூற்றில் அரிசில் கிழார் பாட்டொன்றாற் காண்கிறோம். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டின் பின்னும் கொப்பளிப்பான் கண்ட வீட்டுப் படலையில் யாழ்ப்பாணத்தார் வேப்பிலை கட்டுகின்றனர். ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்று சொல்லி, அயலார் உட்புகார். வீட்டார் பிறர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்லார். மீனும் இறைச்சியும் சமையார். பிள்ளை வேப்பிலைப் படுக்கையிற் கிடக்கும். தலைமுழுக்கு வார்த்த பின்னரே வெளியே வரும். தொற்றுநோய்க்குச் சுகாதாரப் பகுதியார் கூறும் ஒதுக்கமும் இதுவே. சட்டமும் காவலாளருமின்றி ஒரு கொத்து இலை அதனை நடத்திவிடுகின்றது. ஆறுமுக நாவலர் ஆகமநெறிக்கு மாறாக உயிர்ப்பலியிடுதலையும் கண்ணகி வழிபாட்டையும் கடிந்தார். அவர் காலத்தின் பின் கண்ணகை கோயில்கள் சில வேறு அம்மன் பெயர் பூண்டன. ஆயினும் படலையில் வேப்பிலை நின்றபடியே நின்றது. சீர்திருத்தம் கோயில் மதிலைக் கடந்து அடுக்களைக்குட் புகுவது அருமை.

நாவூறு கழித்தல் என்பதும் அன்றாடச் செயலே. செத்தல் மிளகாயும் உப்பும் கையிற் பொத்திப் பிள்ளையின் தலையை மூன்று முறை சுற்றி அடுப்பிலிடுவர். நெடியடியாவிட்டால் நாவூறு மெய் என்பர். நெடியடித்தால் அதற்கும் ஒரு விடை வைத்திருப்பர். வேப்பிலை கொண்டு பார்வை பார்த்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல், நூல் கட்டுதல் என்பன இதன் மேற்படிகள். மேனாட்டு விட்ச் தன் கோப்பையை வலமாகக் கலக்கினால் நன்மை சேரும், இடமாகக் கலக்கினால் தீமை நீங்கும் என்று எண்ணுவதும், நம் சித்த நூல்கள் மூலிகை பறிக்குமுன் காப்புக் கட்டிச் சாபநிவர்த்தி செய்யச் சொல்வதும், அந்திக்குப்பின் துளசி கொய்யலாகாது என்பதும் ஒரே மனநிலையிற் பிறந்தவை. செடியை உயிருடைய ஒன்றாக மதித்து, இரந்து பெறுதல் அம்மனநிலை.

ஒரே செடி ஓரிடத்திற் பானமாகவும் பிறிதோரிடத்திற் காப்பாகவும் நிற்றலுக்குச் சிறுபீளை தக்க சான்று. யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பூக்கீரை என்னும் இச்செடியைச் சிங்களமக்கள் ‘பொல்பலா’ என்று அழைத்து, அவித்துத் தேநீர்போற் பருகுவர். சிறுநீரைப் பெருக்கும் என்பது கருத்து. ‘றணவறா’ என்று அவர் பருகுவது நம் ஆவாரை. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியிலோ, பொங்கலுக்கு முன்னாளில் இவ்விரண்டனையும் வேப்பிலையோடு சேர்த்து இறப்பிற் செருகுவர். அதற்குப் பெயரே காப்புக்கட்டு.

இத்துணையும் இனிய பகுதி. மற்றைப் பகுதியையும் சொல்லாது விடுதல் ஆசிரியத் தொழிலுக்கு அடாது. இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்னும் எண்ணம் இன்று கீழ்நாட்டிலும் மேனாட்டிலும் பரவியுள்ளது. ஜமேக்காத் தீவில் ஏழைமக்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த ‘புதர்த் தேநீர்’ ஈரலின் நாளங்களை அடைத்து உயிர்குடித்தமை 1950களில் வெளிப்பட்டது. அத்தேநீரிற் சேர்ந்தது கிலுகிலுப்பை இனச் செடி. அவ்வினம் நம் வெளிகளிலும் வளர்வது. நம் பரியாரியார் சரக்கைச் சுத்தி செய்யாது தொடார். அளவும் பத்தியமும் வகுப்பர். நூலைப் பார்த்துக் கோப்பையிலிடுவோர்க்கு அக்கட்டுப்பாடு இல்லை.

காப்பின்மேல் வைத்த நம்பிக்கை அரசவையிலும் ஏறியதுண்டு. 2020 நவம்பரில், கொரோனாத் தொற்று ஒழியும்பொருட்டு, இலங்கையின் அப்போதைய சுகாதார அமைச்சர் ஓதிய நீர்க் குடங்களை ஆற்றில் இட்டார். அடுத்த மாதம் கேகாலையில் ஒருவர், தெய்வவாக்காற் பெற்றதெனத் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணியொன்றை வழங்க, ஆயிரக்கணக்கானோர் இடைவெளியின்றித் திரண்டனர். அமைச்சரும் அதனை வெளிப்படையாகப் பருகினார். 2021 சனவரியில் அவருக்குத் தொற்று உறுதியாயிற்று. இங்கே நிகழ்ந்ததையும் கொப்பளிப்பான் வீட்டு வேப்பிலையையும் ஒருங்கு நோக்குக. வேப்பிலை மனிதரைப் பிரித்து வைத்தது. பாணி மனிதரை ஒன்றுகூட்டிற்று.

யாழ்ப்பாணத்தாரை இடித்துரைக்குமுன் ஒன்றை நினைத்தல் வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் மருந்துகளும் கட்டுப்பாட்டோடே குடாநாட்டுக்கு வந்தன. அந்நாளில் வீட்டு முற்றத்து மூலிகையை நாடினமை அறியாமையன்று, வேறு வழியின்மை. மனநோயால் வருந்தினோருக்கு நூல் கட்டியோரையும் அவ்வாறே நோக்கலாம். மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களை ஆராய்ந்து 1998இல் நூலாக்கியவர். மரபுவழிச் சடங்குகள் ஆறுதலளிக்கும் வலியுடையன என்பதை அவர் ஒதுக்கவில்லை. ஆனால், வருந்துவோன் வீட்டுக்கு அயலாளே சூனியம் செய்தாள் என்று விரல் நீட்டும் மந்திரவாதி ஆறுதல் தருபவனல்லன். அவன் கழிப்புக் கழித்துப் போனபின் இரு வீடுகள் ஒரு தலைமுறைக்குப் பேசா.

இன்று குடாநாட்டில் இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலையான இடம் டெங்குக் காய்ச்சல். மாரிமழையின் பின், மார்கழி தையில் அது பெருகும். 2017இல் இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் நோயுற, 440 பேர் இறந்தனர். சாதாரணக் காய்ச்சல் மூன்று நாட்களில் தானே தணிவது. அத்தணிவைக் குடிநீரின் வெற்றியாகவும் நூலின் வெற்றியாகவும் கொள்ளுதல் நெடுங்கால வழக்கம், பெருந்தீங்குமன்று. டெங்குவில் நிலைமை தலைகீழாம். மூன்றாம் நாளளவில் உடற்சூடு இறங்கும் வேளையே இரத்தத்தின் நீர் நாளங்களைவிட்டுக் கசியத் தொடங்கும் வேளை. பிள்ளையின் நெற்றி குளிர்ந்தது கண்டு தாய் மகிழ்கின்றாள். வயிற்றுநோவும் வாந்தியும் கைகால் குளிர்தலும் அதன்பின் வருகின்றன. இரண்டு நாள் காய்ச்சல் நின்றதெனில் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையார் வற்புறுத்துவது இதன் பொருட்டே. அஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் ஆகா.

குடிநீரைக் கைவிடுக என்று வைத்தியர் சொல்வதில்லை. டெங்கு நோயாளியின் கட்டிலருகே எவ்வளவு பருகினார், எவ்வளவு சிறுநீர் போயிற்று என்று மில்லிலீற்றர்க் கணக்கில் தாள் எழுதி வைப்பர்; கஞ்சியும் இளநீரும் அக்கணக்கில் ஏறும். ஒரு விலக்கு மட்டும் உண்டு. செந்நிறமும் கபிலநிறமுமான பானங்களைக் கொடுத்தல் கூடாது. பிள்ளை வாந்தியெடுக்குமாயின் வெளிப்பட்டது அப்பானமோ குருதியோ என்று தெரியாது. நன்றாக வற்றக் காய்ச்சிப் பனங்கட்டியும் கரைத்த நம் குடிநீர் அந்நிறத்தது.